இறகுப் பேனையும் ஒரு சிறிய பெட்டியும்

இன்று கடைக்குப் போய் ஒரு பேனை வாங்குகிறோம். மை தீர்ந்ததும் எறிந்துவிடுகிறோம். ஆனால் இருநூறு ஆண்டுகளுக்கு முன்னர் இங்கிலாந்தில் ஒரு பெண் கடிதம் எழுத உட்காருவதென்றால், சமையலுக்கு ஆயத்தமாவது போலப் பல சாமான்களை எடுத்து வைக்க வேண்டியிருந்தது.

முதலில் இறகு. வாத்தின் செட்டையிலுள்ள பெரிய இறகுகளே பேனையாயின. வலது கையால் எழுதுபவர்கள் இடது செட்டை இறகையே விரும்பினர். அது கண்ணை மறைக்காமல் வெளிப்புறமாக வளைந்திருக்கும். இறகைச் சூடான மணலில் புதைத்து இறுகச் செய்து, நுனியைச் சரிவாகச் சீவி, நடுவில் ஒரு சிறு பிளவு இடுவார்கள். எழுத எழுத நுனி மழுங்கும். மீண்டும் சீவ ஒரு சிறு கத்தி எப்போதும் மேசையில் இருக்கும்.

அடுத்தது மை. இதைப் பல வீடுகளில் பெண்களே தயாரித்தார்கள். மாசிக்காய், அன்னபேதி, வேலம்பிசின் ஆகிய மூன்றுமே முக்கிய பொருட்கள். மாசிக்காயை நாம் நன்கு அறிவோம். பிள்ளைக்கு உரைத்துக் கொடுப்பது அதுதான். எழுதும்போது வெளிறித் தெரியும் இந்த மை, காற்றுப்பட்டதும் கறுத்துவிடும்.

கணவாய் ஓட்டின் தூளைக் கடதாசியில் தேய்த்தால் மை ஊறாது. எழுதியபின் மை காய நுண்மணல் தூவுவார்கள். கடித உறை அப்போது அரிது. தாளையே மடித்து அரக்கு முத்திரை இடுவார்கள். 1840ஆம் ஆண்டுக்கு முன்னர் தபால் கட்டணத்தைப் பெரும்பாலும் கடிதத்தைப் பெறுபவரே செலுத்தினார். தாள் கூடினால் பணமும் கூடும். ஆகவே எழுதிய தாளையே திருப்பி வைத்து, வரிகளுக்குக் குறுக்காக மீண்டும் எழுதிச் சிக்கனம் பிடித்தவர்கள் பலர்.

இந்தச் சாமான்களையெல்லாம் வைக்க மரத்தாலான எழுத்துப் பெட்டிகள் இருந்தன. திறந்தால் சரிவான எழுதுபலகை. உள்ளே மைக்கூட்டுக்கு இடம், பூட்டக்கூடிய லாச்சி. நாவலாசிரியை ஜேன் ஒஸ்ரினிடம் (1775–1817) அப்படியொன்று இருந்தது. 1794இல் தந்தை வாங்கிக் கொடுத்தது அதுவே எனக் கருதப்படுகிறது.

1798 ஒக்டோபரில் குடும்பத்துடன் பயணம் செய்தபோது டார்ட்போர்ட் என்ற ஊரின் விடுதியில் அவர் தங்கினார். அங்கு அவரது பெட்டிகள் தவறுதலாக வேறொரு வண்டியில் ஏற்றப்பட்டு, மேற்கிந்தியத் தீவுகளுக்குப் போகும் வழியில் புறப்பட்டுவிட்டன. குதிரையில் ஓர் ஆள் விரைந்து, இரண்டு மூன்று மைல் தூரத்தில் அவற்றை மீட்டுவந்தார். எழுத்துப் பெட்டியில் 7 பவுண் இருந்தது. தன் செல்வம் முழுவதும் அதுதான் என்று தமக்கைக்கு எழுதினார் ஜேன். அவசரத்தில் வீட்டைவிட்டுக் கிளம்பி, பத்திரங்களும் படங்களும் இருந்த பையை வழியில் தேடித் தவித்த நம்மில் பலருக்கு அந்த அரைமணி நேரம் எப்படி இருந்திருக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

1805இல் தந்தை இறந்தார். தாயும் இரு பெண்மக்களும் சொந்த வீடின்றி இடம் மாறி மாறி வாழ்ந்தனர். அக்காலத்தில் ஜேன் அதிகம் எழுதவில்லை. 1809இல் சகோதரர் ஒருவர் சோட்டன் கிராமத்தில் வீடு கொடுத்தார். தோழி மார்த்தா லொயிட்டும் அவர்களுடன் வாழ்ந்தார். மார்த்தாவின் சமையற் குறிப்புக் கொப்பியில் மை செய்யும் முறையும் உண்டு: 4 அவுன்ஸ் மாசிக்காயை மற்றப் பொருட்களுடன் பியரில் இட்டு, அடுப்பு மூலையில் 14 நாட்கள் வைத்து, நாளுக்கு இரண்டு மூன்று தடவை குலுக்க வேண்டும்.

அந்த வீட்டில் பன்னிரண்டு பக்கங்கொண்ட ஒரு சின்னஞ்சிறு மேசையில் ஜேன் எழுதினார். 1811இல் முதல் நாவல் வெளிவந்தது. தலைப்புப் பக்கத்தில் அவர் பெயர் இல்லை. 'ஒரு பெண்மணி' என்று மட்டுமே இருந்தது. அந்த நூல் அவருக்கு 140 பவுண் ஈட்டிக் கொடுத்தது.

மேசை இன்றும் அந்த வீட்டில் இருக்கிறது. பெட்டியைக் குடும்பத்தார் 1999இல் பிரித்தானிய நூலகத்துக்கு வழங்கினர். இரண்டும் விலையுயர்ந்த தளபாடங்கள் அல்ல. சகோதரிகளே, எழுதுவதற்குப் பெரிய மேசை வேண்டியதில்லை. நமக்கென்று ஒரு மூலையும், நாம் எழுதியதைப் பூட்டி வைக்க ஒரு சிறு பெட்டியும் இருந்தால் தொடங்கலாம். பேனை சீவும் வேலைகூட நமக்கு இல்லை.