அதிகாரியிடமும் சிட்டை கேட்போம்!

சிட்டை இல்லாமல் ஒரு மூட்டைச் சரக்கைக்கூட நாம் இறக்குவதில்லை. லாரி டிரைவர் பத்து வருடப் பழக்கமானவராக இருந்தாலும், பில்லைப் பார்த்து, எண்ணிக்கையைச் சரிபார்த்து, எடையில் ஐயம் வந்தால் தராசில் வைத்துப் பார்த்த பிறகே கையெழுத்திடுகிறோம். இது அவநம்பிக்கை அல்ல, வியாபார ஒழுங்கு.

ஆனால் அதே நாம், கடை வாசலில் ஜீப் வந்து நின்றுவிட்டால் எதையும் கேட்பதில்லை. கல்லாவைத் திறந்து காட்டுகிறோம். கணக்குப் புத்தகங்களை எடுத்துக் கொடுக்கிறோம். காட்டிய இடத்தில் கையெழுத்துப் போடுகிறோம். 'பெரிய இடத்துப் பொல்லாப்பு நமக்கெதற்கு' என்று வாயை மூடிக்கொள்கிறோம்.

நமது அரசியல் சட்டமோ அரசாங்கத்திடமும் சிட்டை கேட்கும் உரிமையை நமக்குத் தந்திருக்கிறது. 19(1)(ஜி) பிரிவு, தொழிலும் வணிகமும் செய்வதை அடிப்படை உரிமையாக்குகிறது. சட்டத்தின் அதிகாரம் இல்லாமல் எந்த வரியையும் விதிக்கவோ வசூலிக்கவோ கூடாது என்கிறது 265-வது பிரிவு. சட்டத்தின் அதிகாரமின்றி ஒருவர் சொத்தைப் பறிக்கக் கூடாது என்கிறது 300-ஏ பிரிவு. 21, 22 பிரிவுகள் நம் உயிருக்கும் சுதந்திரத்துக்கும் காவல். இவை அனைத்தின் சாரமும் ஒன்றே: அரசாங்கத்துக்கு அதிகாரம் உண்டு, அந்த அதிகாரம் சட்டத்தில் எழுதியபடி நடக்க வேண்டும்.

வரித்துறை சோதனை

ஜி.எஸ்.டி. சட்டத்தின் 67-வது பிரிவின்படி, கடையிலோ கிட்டங்கியிலோ ஆய்வும் சோதனையும் நடத்த, இணை ஆணையர் நிலைக்குக் குறையாத அதிகாரி எழுத்து மூலம் உத்தரவிட வேண்டும். அதற்கான படிவத்தின் பெயர் ஐ.என்.எஸ்.-01. அப்படி உத்தரவிட அவருக்குத் தக்க காரணமும் இருக்க வேண்டும். வந்தவர்களின் அடையாள அட்டையையும் இந்த உத்தரவையும் காட்டச் சொல்லிப் படித்துப் பார்ப்பது நம் உரிமை.

சோதனையின்போது அக்கம்பக்கத்தைச் சேர்ந்த நடுநிலையான இரண்டு சாட்சிகள் இருக்க வேண்டும். சரக்கையோ ஏட்டையோ எடுத்துச் சென்றால் பட்டியலுடன் கூடிய உத்தரவு தர வேண்டும். எடுத்துச் சென்ற ஏடுகளுக்கு நகல் கேட்டுப் பெறலாம். விசாரணைக்குக் கேடு வரும் என்று அதிகாரி கருதினால் மட்டுமே மறுக்க முடியும். கைப்பற்றிய சரக்குக்கு 6 மாதத்துக்குள் நோட்டீஸ் வராவிட்டால் அதைத் திருப்பித் தர வேண்டும். தக்க காரணம் இருந்தால் இன்னும் 6 மாதம் நீட்டிக்கலாம். அதற்கு மேல் இல்லை.

நம்மில் பலரை மிரள வைப்பது, "இப்போதே இவ்வளவு கட்டுங்கள், இல்லாவிட்டால் கைது" என்ற பேச்சுதான். சோதனை நடக்கும்போது வற்புறுத்தி வரி வசூலிக்கக் கூடாது என்று மத்திய மறைமுக வரி வாரியமே 25-5-2022 அன்று தன் அதிகாரிகளுக்கு அறிவுறுத்தியது. வியாபாரி தாமாக முன்வந்து கட்டலாம், அது வேறு. வரி பாக்கி இருப்பதாக அதிகாரி கருதினால் நோட்டீஸ் கொடுத்து, பதில் கேட்டு, அதன் பிறகே உத்தரவிட வேண்டும்.

27-2-2025 அன்று ராதிகா அகர்வால் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை மேலும் தெளிவாக்கியது. ஜி.எஸ்.டி. அதிகாரிகளின் கைது அதிகாரம் செல்லும் என்று சொன்ன நீதிமன்றம், கைதுக்கான காரணம் எழுத்தில் பதிவாக வேண்டும், அது கைதானவருக்குத் தெரிவிக்கப்பட வேண்டும் என்றும் சொன்னது. கைது மிரட்டலால் வரி கட்டியவர்கள் உயர் நீதிமன்றம் சென்று பணத்தைத் திரும்பக் கேட்கலாம் என்றும் கூறியது. ஜாமீனில் வர முடியாத கைது, குறிப்பிட்ட சில குற்றங்களுக்கு, அதுவும் தொகை 5 கோடி ரூபாயைத் தாண்டினால்தான் என்பதும் நம் கவனத்துக்குரியது. சாதாரண மளிகைக் கடைக்காரர் அந்த வார்த்தையைக் கேட்டதும் நடுங்க வேண்டியதில்லை.

உணவு மாதிரி எடுக்க வந்தால்

2006-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின்படி மாதிரி எடுக்க அதிகாரிக்கு உரிமை உண்டு. ஆனால் இலவசமாக அல்ல. விற்பனை விலையை அவர் கொடுக்க வேண்டும். மாதிரியை நான்கு பாகமாகப் பிரித்து முத்திரையிட வேண்டும். ஒரு பாகத்தை அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்துக்கு அனுப்பச் சொல்லி நாம் அப்போதே எழுதிக் கேட்கலாம். பகுப்பாய்வாளரின் அறிக்கை நமக்குப் பாதகமாக வந்தால் 30 நாட்களுக்குள் மேல்முறையீடு செய்யலாம். இந்தக் கெடுவைத் தவற விட்டால் நல்ல சரக்கு விற்றவரும் மாட்டிக்கொள்ள நேரும்.

காரணமின்றித் துன்புறுத்தும் நோக்கில் சரக்கைப் பறிமுதல் செய்யும் அதிகாரிக்கு 1 லட்ச ரூபாய் வரை அபராதம் விதிக்க 39-வது பிரிவு இடமளிக்கிறது. அதே பிரிவில், அதிகாரி மீது பொய்ப்புகார் கொடுப்பவருக்கும் அபராதம் உண்டு என்பதை மறக்க வேண்டாம்.

காவல் நிலையம்

2020 ஜூன் 19 அன்று சாத்தான்குளத்தில் நடந்ததை வணிக சமுதாயம் என்றும் மறக்காது. ஊரடங்கு நேரத்தைத் தாண்டிக் கடை திறந்திருந்ததாகச் சொல்லி, செல்போன் கடை நடத்திய குடும்பத்தின் தந்தையும் மகனும் காவல் நிலையம் கொண்டு செல்லப்பட்டனர். நான்கே நாட்களில் இருவரும் உயிரோடு இல்லை. வழக்கை விசாரித்த சி.பி.ஐ., 9 போலீசார் மீது கொலைக் குற்றம் சாட்டியது. கடை நேரத்தை மீறியது உண்மையென்றே வைத்துக்கொண்டாலும், அரசு உத்தரவை மீறுவதற்கு அப்போதைய தண்டனைச் சட்டம் வைத்திருந்த உச்ச தண்டனை 6 மாதச் சிறைதான்.

எனவே சில விதிகளை நம் வீட்டுப் பெண்களும் கடைப் பையன்களும்கூடத் தெரிந்து வைத்திருக்க வேண்டும். 7 ஆண்டு வரை தண்டனை உள்ள குற்றங்களில் கைது கட்டாயமல்ல. ஆஜராகும்படி நோட்டீஸ் கொடுத்தே விசாரிக்கலாம். அந்த நோட்டீசை வாட்ஸ்அப்பில் அனுப்பினால் செல்லாது என்று 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொன்னது. 60 வயதைக் கடந்தவரை, 3 ஆண்டுக்குக் குறைந்த தண்டனையுள்ள குற்றத்துக்குக் கைது செய்ய டி.எஸ்.பி.யின் முன் அனுமதி வேண்டும். கைது செய்தால் சாட்சிக் கையெழுத்துடன் குறிப்பாணை தயாரிக்க வேண்டும். உறவினருக்கோ நண்பருக்கோ தகவல் சொல்ல வேண்டும். பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். மாஜிஸ்திரேட் முன் நிற்கும்போது, அடி விழுந்திருந்தால் அதைச் சொல்லிவிட வேண்டும். அங்கே காட்டும் மௌனம் பின்னால் எந்த வக்கீலாலும் ஈடுகட்ட முடியாதது.

நாம் செய்ய வேண்டியது

உரிமை பேசுவோர் கணக்கைச் சுத்தமாக வைத்திருக்க வேண்டும். இரண்டு நோட்டு எழுதுபவர், கலப்படச் சரக்கு விற்பவர், எடையில் கை வைப்பவர் ஆகியோருக்காக நாம் இதை எழுதவில்லை. நேர்மையாக வரி கட்டும் வியாபாரி, பயத்தால் கூடுதலாகக் கட்டுவதும் கையூட்டுக் கொடுப்பதும் நிற்க வேண்டும் என்பதே நம் நோக்கம்.

அதிகாரிகளைத் தடுக்கவோ, கதவைப் பூட்டிக்கொள்ளவோ வேண்டாம். அது தனிக் குற்றமாகிவிடும். பூட்டை உடைக்கவும் சட்டம் இடம் தருகிறது. மரியாதையாக நாற்காலி போட்டு உட்கார வைப்போம். உத்தரவைக் கேட்போம். பெயர், பதவி, வந்த நேரம், எடுத்த பொருள் ஆகியவற்றைக் குறிப்பேட்டில் எழுதுவோம். படிக்காத தாளில் கையெழுத்திட மாட்டோம். வாக்குமூலத்தில் சொல்லாதது எழுதப்பட்டிருந்தால் அன்றோ மறுநாளோ பதிவுத் தபாலில் மறுப்பு அனுப்புவோம். உடனே சங்க நிர்வாகிகளுக்கும் தகவல் சொல்வோம்.

ஒரு கடைக்காரர் தனியாக உத்தரவைக் கேட்டால் அதைத் திமிர் என்று நினைக்கக்கூடும். கடைத்தெரு முழுவதும் கேட்டால் அது வழக்கமாகிவிடும். சட்டப்படி நடக்கும் நல்ல அதிகாரிகளுக்கும் அதில் சங்கடம் இருக்காது. வணிகப் பெருமக்கள் இந்தப் பக்கத்தைக் கத்தரித்துக் கல்லாவுக்கு அருகில் ஒட்டி வைக்குமாறு கேட்டுக்கொள்கிறோம்.