கணினி உடுத்திப் பார்க்கும் சட்டை

திருப்பூரில் ஒரு பின்னலாடை ஆர்டர் உறுதியாவதற்குள் சாம்பிள்கள் தைக்கப்பட்டு, வெளிநாட்டு வாங்குநருக்குப் போய், திருத்தக் குறிப்புகளோடு திரும்பி, மறுபடி தைக்கப்படுகின்றன. இந்த அலைச்சலைக் குறைக்கத்தான் க்ளோ, பிரவுஸ்வேர் போன்ற மென்பொருள்கள் வந்தன. பேட்டர்னைத் திரையிலேயே தைத்து, ஒரு கணினி உடலுக்குப் போட்டுப் பார்க்கலாம். அந்த உடல் அசையாமல் நிற்கும்வரை திரை காட்டுவதைப் பெருமளவு நம்பலாம். நடக்கவோ குனியவோ கையைத் தூக்கவோ தொடங்கினால் அந்த நம்பிக்கையைக் குறைத்துக்கொள்ள வேண்டும். குறை துணிக் கணக்கில் இருப்பதைவிட உடலைப் பற்றிய கணக்கில்தான் அதிகம் என்பது என் முடிவு.

துணிக் கணக்கு நன்றாகவே வளர்ந்திருக்கிறது. ஜப்பானின் சுவேயோ கவாபாட்டா 1970களில் உருவாக்கிய கருவிகள் துணியின் இழுவை, வளைவு, உராய்வு ஆகியவற்றை மெல்லிய விசையில் அளந்து எண்களாக்கின. கணினி வரைகலை ஆய்வாளர்களான பராஃபும் விட்கினும் 1998இல் காட்டிய முறை, துணியைச் சிறு முக்கோணங்களாகப் பிரித்து அசைவை விரைவாகக் கணக்கிட வழிசெய்தது. அந்த வேகத்துக்கு ஒரு விலை உண்டு: கணக்கு நிலைகுலையாதிருக்கச் செய்யும் ஏற்பாடே துணியின் துடிப்பையும் கொஞ்சம் தின்றுவிடுகிறது. முக்கோணம் பெரிதானால் நுண்சுருக்கங்கள் மறையும். இழுத்துவிட்ட நிட் துணி உடனே பழைய அளவுக்குத் திரும்புவதில்லை. நூலுக்கு நூல் உராய்வதால் வரும் அந்தத் தாமதத்தைச் சாதாரண மீள்தன்மைக் கணக்கு கவனிப்பதில்லை.

உடல் இதைவிடச் சிக்கலானது. முழங்காலை மடக்கும்போது அதன் மேல் தோல் நீளவாக்கில் ஏறத்தாழ 35 முதல் 45 சதவீதம் வரை நீள்கிறது. பேன்ட் அந்த அளவுக்கு நீள வேண்டும், இல்லையேல் தோலின் மேல் வழுக்கி மேலேற வேண்டும். எவ்வளவு வழுக்கும் என்பதைத் தோல் உராய்வு தீர்மானிக்கிறது. வியர்த்த தோலில் துணி ஒட்டிக்கொள்ளும் என்பது யாவரும் அறிந்ததே. 2015இல் வெளியான எஸ்எம்பிஎல் போன்ற உடல் மாதிரிகள், உடல் மடங்கும்போது மேற்பரப்பு எப்படி உருமாறும் என்பதை ஆயிரக்கணக்கான ஸ்கேன்களிலிருந்து கற்றவை. ஆனால் இடுப்புப் பட்டி இறுக்கினால் நிஜ வயிறு உள்வாங்கும், கணினி உடல் உள்வாங்காது. ஆகவே திரையில் சிவப்பாகத் தெரியும் இறுக்கம் நிஜத்தில் தாங்கக்கூடியதாக இருக்கலாம்.

அனிமேஷன் படங்களில் உடைகள் அசலாகவே அசைகின்றனவே என்று கேட்கலாம். அங்கே கண் நம்பினால் போதும். அக்குள் தையல் எங்கே இழுக்கிறது என்று பேட்டர்ன் மாஸ்டருக்குச் சொல்ல அது போதாது. இன்னொரு வாதம் வலுவானது: நிஜ சாம்பிளையும் ஒரே ஒரு ஃபிட் மாடலுக்குத்தானே போட்டுப் பார்க்கிறார்கள், கணினியோ பல உடல்களில் பார்க்கிறதே? உண்மைதான். ஒரே கணினி உடலில் இரண்டு பேட்டர்ன்களை ஒப்பிட்டால், இரண்டிலும் பிழை ஏறக்குறைய ஒரே பக்கம் சாய்வதால், எது அதிகம் இழுக்கிறது என்ற விடை பெரும்பாலும் சரியாக வரும். முதல் சில சாம்பிள்களை இந்த ஒப்பீட்டுக்கே விட்டுவிடலாம். விளையாட்டு உடை, அழுத்தக் காலுறை போன்றவற்றில் மட்டும், கடைசி சாம்பிளை ஒருவர் அணிந்து குனிந்து நிமிர, துணிக்கும் தோலுக்கும் இடையே சென்சார் வைத்து அழுத்தத்தை அளந்தே தீர வேண்டும்.