ஆறு பேர் பிடி

நான் பிறந்த அன்று ஆஸ்பத்திரியில் என்னைக் கையில் வாங்கிய தாத்தா, லேசாக ஒரு தூக்குத் தூக்கிப் பார்த்துவிட்டு, "ஏழு பவுண்டு இருக்கும்" என்றாராம். நர்ஸ் எழுதி வைத்திருந்த எடை 3.2 கிலோ. பின்னாளில் கணக்குப் போட்டுப் பார்த்தேன், சரியாகத்தான் வந்தது. தேங்காய் மூட்டை, கன்றுக்குட்டி, பேரப்பிள்ளை எதுவானாலும் அவருக்குப் பவுண்டுதான். "பச்சப் புள்ளையப் போய் எடை போடறாரு பாரு" என்று ஆயா அன்று முகத்தைத் திருப்பிக்கொண்டாளாம்.

அந்தப் பவுண்டு பட்டாளத்தில் ஒட்டிக்கொண்டது. 1942-ல், பதினெட்டு வயதில், ஆரணிப் பக்கத்து எங்கள் ஊரிலிருந்து பெங்களூர் போய் மெட்ராஸ் சாப்பர்ஸில் சேர்ந்தார். ஏன் சேர்ந்தீர்கள் என்று பள்ளிக்கூடக் கட்டுரைக்காக ஒருமுறை கேட்டேன். ஏதாவது வீரமாகச் சொல்வார் என்று பேனாவைத் திறந்து வைத்திருந்தேன். "வீட்டுல ஏழு வாய் கண்ணு. ஏரியில தண்ணி இல்ல. அங்க மூணு வேளை சோறு" என்றார். போர் தொடங்கும்போது சுமார் 2 லட்சம் பேராக இருந்த இந்திய ராணுவம் 1945-ல் 25 லட்சமாகப் பெருகியது. அத்தனை பேரும் தாமாகச் சேர்ந்தவர்கள் என்று புத்தகங்கள் சொல்கின்றன. வறண்ட ஏரிகளுக்கும் அதில் பங்கு உண்டு என்று நான் சேர்த்துக்கொள்கிறேன்.

மெட்ராஸ் சாப்பர்ஸ் 1780-ல் தொடங்கிய படை. பெங்களூர் அல்சூர் ஏரிக்கரையில் அவர்களுடைய மையம் இன்றும் இருக்கிறது. ராணுவத்தில் அவர்களுக்குச் செல்லப் பெயர் 'தம்பி'. சாப்பர் கையிலும் துப்பாக்கி உண்டு. ஆனால் சண்டை போடுகிறவர்கள் முன்னேறப் பாதை போடுவது, ஆற்றுக்குப் பாலம் கட்டுவது, கண்ணிவெடி அகற்றுவது, குடிநீருக்கு வழி செய்வது எல்லாம் அவன் தலையில்தான். அதே படையைச் சேர்ந்த சுபேதார் சுப்பிரமணியன், 1944 பிப்ரவரி 24 அன்று இத்தாலியில் மிஞ்ஞானோ அருகே, வெடிக்கப்போன கண்ணிவெடி மீது தானே விழுந்து உடனிருந்தவர்களைக் காப்பாற்றினார். இறந்த பிறகு அவருக்கு ஜார்ஜ் கிராஸ் கொடுத்தார்கள். தாத்தா அவரைப் பார்த்ததில்லை. அந்தப் பெயரைச் சொல்லும்போது மட்டும் துண்டைத் தோளிலிருந்து எடுத்துவிடுவார்.

தாத்தாவை அனுப்பியது பர்மா பக்கம். இம்பாலிலிருந்து டாமு, அங்கிருந்து கபாவ் பள்ளத்தாக்கு என்று மழையும் மலேரியாவும் கலந்த காடு. அவர் வாயிலிருந்து ஒரு சண்டைக் கதைகூட வந்ததில்லை. வந்ததெல்லாம் சேறுதான். லாரி புதையாமல் இருக்க, தாரில் தோய்த்த சணல் துணியைச் சுருள் சுருளாக உருட்டிக் கொண்டுவந்து பாதையில் விரித்தார்களாம், கூரைக்கு ஓடு வேய்கிற மாதிரி ஒன்றின் மேல் ஒன்று ஏறி நிற்கும்படி. எங்கள் மாட்டுக் கொட்டகை ஒழுகியபோது தாத்தா ஓட்டுக்காரரைக் கூப்பிடவில்லை. பழைய கோணியையும் ஒரு டின் தாரையும் எடுத்துக்கொண்டு மேலே ஏறினார். அப்போது அவருக்கு வயது எழுபது.

ஆனால் அவருக்குப் பிரியமான பேச்சு பெய்லி பாலம். டொனால்ட் பெய்லி என்ற ஆங்கிலேயப் பொறியாளர் வடிவமைத்தது. இரும்புச் சட்டம் ஒன்று 10 அடி நீளம், 5 அடி உயரம், 570 பவுண்டு எடை. கிட்டத்தட்ட 260 கிலோ. கிரேன் வேண்டாம், ஆறு பேர் போதும். சட்டங்களைப் பின் அடித்துக் கோத்துக்கொண்டே போகலாம். சரி, அக்கரையில் ஆளே இல்லாதபோது பாலத்தை எப்படிக் கொண்டு சேர்ப்பது? இதற்குத் தாத்தா என் ஸ்கேலைப் பிடுங்கிக்கொள்வார். மேசை விளிம்புக்கு வெளியே மெல்லத் தள்ளுவார். பாதி தாண்டியதும் அது கவிழப் பார்க்கும். உடனே வால் பக்கம் ஒரு விரலை வைத்து அழுத்துவார். "முன்னாடி மூக்கு லேசா இருக்கணும். பின்னாடி கனம் இருக்கணும். அடியில உருளை. தள்ளு, அவ்வளவுதான்."

1944 டிசம்பரில் கலேவாவில் சிந்த்வின் ஆற்றின் மேல் 1,154 அடி நீளத்துக்கு மிதவைகளின் மேல் ஒரு பெய்லி பாலம் போட்டார்கள். ஊரில் யாராவது "தாத்தா கட்டினது" என்று பெருமையாகச் சொன்னால் இடைமறித்துவிடுவார். "நான் கட்டல. அது மேல நடந்தேன்."

அவர் கட்டியது எங்கள் ஊரில் இருந்தது. 1946-ல் படையைக் குறைத்தபோது வீட்டுக்கு வந்தார். கல்யாணம் ஆகி, ஐந்து பிள்ளைகள். மூத்தவள் என் பெரிய அத்தை. அவள் பள்ளிக்கூடம் போக ஏரிக் கால்வாயைத் தாண்ட வேண்டும். ஐப்பசி மழையில் இடுப்பளவு தண்ணீர் ஓடும். பிள்ளையைத் தோளில் தூக்கிக்கொண்டு நான்கு நாள் கடந்தவர், ஐந்தாம் நாள் இரண்டு பனையை வெட்டினார். பக்கத்துப் பக்கமாக வைத்துக் கட்டி, அடியில் உருளைக்கட்டை போட்டு, வால் பக்கம் ஏழெட்டு ஆட்களை உட்காரவைத்துத் தள்ளினாராம். "ஆறு பேர் பிடி!" என்று கத்தியது அக்கரை வரை கேட்டது என்று அத்தை சொல்வாள். அந்தப் பனம்பாலத்தில் ஐந்து பிள்ளைகளும் படிக்கப் போனார்கள். ஊர்ப் பிள்ளைகளும்தான்.

நாலு வருட சேவைக்குப் பென்ஷன் கிடையாது. அதற்கு 15 வருடம் வேண்டும். கையில் கிடைத்தது ஆறு முனை கொண்ட பர்மா ஸ்டார் பதக்கமும் டிஸ்சார்ஜ் புக்கும். இரண்டாம் உலகப் போர் வீரர்களுக்குத் தமிழக அரசு மாத உதவித்தொகை தருகிறது என்று தெரிந்து விண்ணப்பிக்கப் போனபோது, புக்கின் நடுப்பக்கங்களைக் கரையான் தின்றிருந்தது. சேர்ந்த தேதி இருந்தது, விடுவித்த தேதி இல்லை. ஓர் அலுவலகத்திலிருந்து இன்னொன்றுக்கு அலைந்து, பெங்களூர்ப் பதிவேட்டிலிருந்து சான்று வரவழைக்க இரண்டு வருடம் பிடித்தது. "பாலம் போட்டதுகூட இவ்வளவு நாள் ஆகல" என்றார்.

2021-ல், 97 வயதில் போனார். உதவித்தொகை இப்போது ஆயா பெயரில் வருகிறது. அந்தப் போரில் இருந்தவர்களின் விதவைகளுக்கும் அது உண்டு என்பது பல வீடுகளில் தெரியவில்லை. உங்கள் வீட்டுப் பரணில் பட்டாளத்துக்காரர் ஒருவரின் பழைய தகரப் பெட்டி இருந்தால் இந்த ஞாயிற்றுக்கிழமை இறக்கிப் பாருங்கள். டிஸ்சார்ஜ் புக் கிடைத்தால் முதலில் நகல் எடுங்கள். பிறகு மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் போய்க் கேளுங்கள்.