ஆரவாரமில்லாத கப்பல்

மலையும் கடலும் – தொடர் கட்டுரை: 17

சென்ற வாரம், 1924ஆம் ஆண்டில் புகையிரதப் பாதை பதுளையைத் தொட்ட வரலாற்றைச் சொல்லி, அதன் பின்னர் ஊவாவின் தேயிலைப் பெட்டிகளும், விடுமுறையில் சீமை செல்லும் துரைமாரின் டிரங்குப் பெட்டிகளும் ஒரே தண்டவாளத்தின் வழியாகக் கொழும்புத் துறைமுகத்துக்கு இறங்கலாயின என்ற இடத்தில் நிறுத்தியிருந்தேன். தேயிலைப் பெட்டிக்கு எந்தக் கப்பல் என்பதை ஏஜென்சிக் கம்பெனி தீர்மானித்தது. தமக்கு எந்தக் கப்பல் என்பதைப் பற்றித் துரை, துரைசாணியின் ஆலோசனையோடு, தாமே ஓர் அபிப்பிராயம் வைத்திருந்தார். அந்த அபிப்பிராயம் எவ்வாறு உருவாயிற்று என்பதை இவ்வாரம் விசாரிப்பதற்குப் பழங்கதையின் மேலுள்ள மோகம் மட்டும் காரணமன்று. பசறைப் பக்கத்துத் தோட்டப் பாடசாலை ஒன்றில் தலைமையாசிரியராக இருந்து ஓய்வுபெற்ற நண்பர் ஒருவரையும் அவர் மனைவியாரையும் கப்பல் உல்லாசப் பிரயாணத்துக்கு அனுப்ப வேண்டும் என்ற ஆசையால், இலண்டனில் உத்தியோகம் பார்க்கும் அவர்களுடைய மகள் நான்கைந்து கம்பெனிகளின் வர்ணப் புத்தகங்களை அனுப்பியிருக்கிறாள். “கூட்டமும் கூச்சலும் இல்லாத, பெரியவர்கள் மட்டும் போகிற சின்னக் கப்பல் எது ஐயா?” என்று நண்பர் என்னைக் கேட்கிறார். ஏறத்தாழத் தொண்ணூறு ஆண்டுகளுக்கு முன், நமுனுகுலை மலையைப் பார்த்த பங்களா விறாந்தைகளிலும் இதையொத்த கேள்வி எழுந்ததுண்டு. அதற்குக் கிடைத்த விடையில் இன்றைக்கும் உதவக்கூடிய பாடம் இருக்கிறது.

நான்கைந்து வருஷங்கள் தோட்டத்தில் உழைத்த துரைக்கு ஆறு மாதம் போலச் சீமை விடுமுறை கிடைக்கும். அதில் கடலிலேயே போக மூன்று வாரமும் வர மூன்று வாரமும் கழியும். எனவே, எந்தக் கப்பலில் ஏறுவது என்பது பயணச்சீட்டுச் சமாசாரம் மட்டுமன்று. விடுமுறையின் கால் பங்கை யாரோடு, எந்த விதமாகக் கழிப்பது என்ற பிரச்சினை. கொழும்பில் தொட்டுச் செல்லும் பிரயாணிக் கப்பல்களில் மூன்று கம்பெனிகளின் பெயர்கள் பிரசித்தமானவை. தபால் ஒப்பந்தத்தின் பெருமையோடு விளங்கிய பி. அன்ட் ஓ. ஒன்று, ஆஸ்திரேலியா செல்லும் வழியில் கொழும்பைத் தொட்ட ஓரியண்ட் லைன் இரண்டாவது, லிவர்பூலைத் தாயகமாகக் கொண்டு, மார்செய்ல், சூயஸ் வழியாகக் கொழும்புக்கும் இரங்கூனுக்கும் ஓடிய பிபி லைன் மூன்றாவது. முதலிரண்டும் பெரிய கப்பல்கள். இரண்டு வகுப்புகள், நடன இரவுகள், வேஷப் போட்டிகள், தளமெங்கும் விளையாட்டுகள். பிபி கம்பெனியின் கப்பல்களோ, ஆங்கிலேய மாவட்டங்களின் பெயர்களைத் தாங்கி, நான்கு பாய்மரத் தண்டுகளும் இளஞ்சிவப்புப் புகைபோக்கியுமாக, பதினைந்து நாட் வேகத்தில் நிதானமாகச் செல்பவை. வகுப்புப் பிரிவினை இல்லாமல் ஒரே வகுப்புப் பிரயாணிகளை மட்டும் ஏற்றியவை. பர்மா உத்தியோகஸ்தர்களுக்கும், இலங்கைத் தோட்டத் துரைமாரில் ஆரவாரத்தை விரும்பாதவர்களுக்கும் அவை உகந்தனவாக இருந்தன.

இந்த விருப்பத்தை வெறும் ருசிபேதம் என்று தள்ளிவிட முடியாது; அதற்குள் ஒரு கணக்கு இருக்கிறது. கப்பலுக்குச் சொல்லப்படும் ‘டன்’ என்பது எடையன்று, அதன் சுவர்களுக்குள் அடைபட்ட இடத்தின் அளவு. அதைப் பிரயாணிகளின் தொகையால் வகுத்தால், ஆளொன்றுக்கு எவ்வளவு இடம் என்பது தெரிந்துவிடும். 1931இல் ஓடத் தொடங்கிய பி. அன்ட் ஓ. கம்பெனியின் ஸ்ட்ராத்நேவர் சுமார் 22,500 டன். அதில் இரு வகுப்புகளிலுமாக 1,166 பேருக்கு இடமுண்டு. தலைக்குப் பத்தொன்பது டன் ஆயிற்று. அதே ஆண்டில் வெளிவந்த பிபி கம்பெனியின் வூஸ்டர்ஷயர் சுமார் 11,400 டன்தான். ஆனால் பிரயாணிகளோ ஏறத்தாழ 290 பேர். தலைக்கு முப்பத்தொன்பது டன். பாதி அளவுள்ள கப்பலில் இரு மடங்கு விசாலம்! முதல் வகுப்புச் சீட்டு வாங்கிய ஸ்ட்ராத்நேவர் பிரயாணிக்கு இந்தச் சராசரியைவிட அதிக இடம் கிடைத்திருக்கும் என்பது மெய்யே. ஆயினும் சிறிய கப்பல் என்றால் நெருக்கடி என்று எண்ணுவது பொதுவாக எவ்வளவு தவறு என்பதற்கு இந்த இரண்டு கணக்குகளே போதும்.

பிபி கம்பெனியின் பெயரைக் கப்பல் கட்டுவோர் இன்றளவும் மறவாதிருப்பதற்கு ஓர் அறை அமைப்பு காரணம். குளிர்சாதனம் இல்லாத அந்தக் காலத்தில், செங்கடலைக் கடக்கும் நாட்களில், கப்பலின் உட்புறத்து அறைகள் காற்றும் வெளிச்சமும் புகாமல் வெந்து தணியும். வெளிப்புறத்து அறைக்காரர் மட்டும் வட்டச் சாளரத்தைத் திறந்துவைத்துக்கொண்டு தூங்குவார். பிபி கப்பல்களில் உள்ளறையை ஒரு சதுரமாக நிறுத்திவிடாமல், வெளியறையின் பக்கவாட்டில் ஒடுக்கமான ஒரு சந்தை விட்டு, அந்தச் சந்தைக் கப்பலின் பக்கச் சுவர்வரை நீட்டி, அதன் முனையில் ஒரு சாளரம் வைத்தார்கள். கட்டில் உள்ளே இருக்கும். எழுந்து நாலடி நடந்தால் கடல் தெரியும். இரவில் அந்தச் சந்தின் வழியாகக் காற்று கட்டில்வரை வரும். தங்கத் தகடோ பளிங்குத் தூணோ அல்ல, உள்ளறைக்காரனுக்கும் ஒரு சாளரம் வேண்டும் என்ற இந்த யோசனைதான் ஒரு கம்பெனியின் பண்பைக் காட்டுவது. நண்பர் கேட்பது போன்ற, குழந்தைகளே ஏறாத கப்பல் என்று அக்காலத்தில் இவ்வழியில் ஓடியதில்லை. ஏழெட்டு வயதில் பிள்ளைகளைப் படிக்கச் சீமைக்கு அனுப்புவது துரைமார் வழக்கமாகையால், அவர்களுக்குத் தனி விளையாட்டறையும் தனிப் பந்தியும் வைத்துப் பெரியவர்களின் அமைதியைக் காப்பாற்றினார்கள்.

ஊவாவோடு தொடர்புடையவர்களில் இந்த அமைதியின் உச்சத்தைக் கண்டவர் ஒருவரும் உண்டு. 1890இல் இலங்கைக்கு வந்து அப்புத்தளைக்கு மேலே தம்பேதென்னை முதலிய தோட்டங்களை வாங்கிய தாமஸ் லிப்டன், பின்னாளில் ‘எரின்’ என்ற நீராவி உல்லாசக் கப்பலைத் தமக்கென்றே வைத்துக்கொண்டார். பிரயாணிப் பட்டியல் முழுவதையும் தாமே எழுதும் பாக்கியம் அவருக்கு இருந்தது.

பாக்கியம் என்ற சொல்லை எழுதிய பிறகு, அதே தோட்டங்களின் லயங்களில் வாழ்ந்தவர்களுக்கு எந்தக் கப்பல் வாய்த்தது என்பதைச் சொல்லாமல் மேலே போவது தர்மமாகாது. தூத்துக்குடியிலிருந்து பிரிட்டிஷ் இந்தியா கம்பெனியின் கப்பலில் மேல்தளப் பிரயாணியாக வந்தவனுக்கும், 1914க்குப் பின் மண்டபம் முகாமில் நோய்த்தடுப்புக்காக நிறுத்தி வைக்கப்பட்டுத் தனுஷ்கோடியில் கப்பலேறித் தலைமன்னாரில் இறங்கியவனுக்கும், கங்காணி ஏற்றிய கப்பலே கப்பல். இன்ன கம்பெனி என்று கேட்கவும் அவன் அறியான். அந்தக் கடலில் சாமானியப் பிரயாணிக்கும் ‘இதுவா, அதுவா’ என்று கேட்கும் உரிமையைச் சிறிது காலமாவது கொண்டுவந்தவர் வ. உ. சிதம்பரம் பிள்ளை. 1906இல் அவர் சுதேசி நாவாய்ச் சங்கத்தை நிறுவி, காலியா, லாவோ என்ற இரு கப்பல்களைத் தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே ஓட்டியபோது, வெள்ளைக் கம்பெனி கட்டணத்தைப் படிப்படியாகக் குறைத்து, கடைசியில் இலவசமாக ஏற்றிச் சென்று, ஏறுகிறவர்களுக்குக் குடையும் கொடுத்ததாகச் சொல்லும் வரலாறு பிரசித்தம். 1908இல் பிள்ளையவர்கள் சிறைப்பட்டார். 1911இல் சங்கம் கலைக்கப்பட்டது. தேர்ந்தெடுக்கும் உரிமையும் அதோடு போயிற்று. 1964ஆம் ஆண்டின் ஸ்ரீமா–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு பதுளையிலிருந்தும் பண்டாரவளையிலிருந்தும் புறப்பட்ட குடும்பங்கள், ‘ஒப்பாரிக் கோச்சி’ என்று மலையகத்தார் பெயரிட்ட வண்டியில் தலைமன்னார் சென்று, ‘இராமானுஜம்’ என்ற கப்பலில் ஏறின; அங்கும் தேர்வு என்று ஒன்றும் இருக்கவில்லை. அத்தகைய ஒரு லயத்தில் பிறந்து, படித்து, ஆசிரியராகி, நான்கைந்து கம்பெனிகளின் வர்ணப் புத்தகங்களை மடியில் வைத்துக்கொண்டு ‘எது நல்லது?’ என்று ஒருவர் கேட்பாராயின், அந்தக் கேள்விக்கு அலட்சியமாக விடை சொல்வது பாவம்.

ஆகவே, இன்றைய கப்பல்களுக்கு வருவோம். இப்போதுள்ள மிகப் பெரிய உல்லாசக் கப்பல்களில் ஒன்றான, 2024இல் ஓடத் தொடங்கிய ‘ஐகான் ஆஃப் த சீஸ்’ 248,663 டன்; அறைக்கு இருவர் என்ற கணக்கில் 5,610 பிரயாணிகள்; எல்லாக் கட்டில்களும் நிரம்பினால் 7,600. தலைக்கு நாற்பத்துநான்கு டன் என்பது குறைந்த கணக்கன்று. ஆனால் ஐயாயிரம் பேரும் காலையில் ஒரே துறைமுகத்தில் இறங்கியாக வேண்டுமே! ஆகையால் டன்னை மட்டும் பார்த்தல் போதாது, தலையையும் எண்ண வேண்டும். வைக்கிங் கம்பெனியின் கடற்கப்பல்களில் பெரும்பாலானவை சுமார் 47,800 டன், 930 பேர், தலைக்கு ஐம்பத்தொன்று, பதினெட்டு வயதுக்குட்பட்டோரை அவர்கள் ஏற்றுவதில்லை, சூதாட்டக் கூடமும் வைப்பதில்லை. ஐம்பது வயதைக் கடந்தவர்களுக்கென்றே இங்கிலாந்தில் நடக்கும் சாகா கம்பெனியின் ‘ஸ்பிரிட் ஆஃப் டிஸ்கவரி’ சுமார் 58,000 டன், 999 பேர், தலைக்கு ஐம்பத்தெட்டு. இன்னும் சிறியது வேண்டுமென்றால், சீட்ரீம் கம்பெனியின் இரு கப்பல்களில் ஒவ்வொன்றிலும் 112 பேருக்கு மேல் இடமில்லை. ஆனால் கட்டணத்தைக் கேட்டுவிட்டுத்தான் ஆசைப்பட வேண்டும்.

‘பெரியவர்கள் மட்டும்’ என்ற விளம்பரத்தைக் கண்டதும் மயங்கிவிடலாகாது. துரைமார் ஏறிய பி. அன்ட் ஓ. என்ற பெயர் இன்றும் உல்லாசக் கப்பல்களில் விளங்குகிறது. அதன் ஆர்க்கேடியாவும் அரோராவும் பெரியவர்களுக்கு மட்டுமே உரியவை. ஆனால் ஒவ்வொன்றிலும் இரண்டாயிரத்தை ஒட்டிய கூட்டம் உண்டு. வர்ஜின் கம்பெனியும் சிறுவர்களை ஏற்றுவதில்லை; ஆயினும் அதன் கப்பல்கள் இரண்டாயிரத்து எழுநூறு பேருக்கு மேல் ஏறும், இரவு நெடுநேரம் ஆட்டபாட்டம் நடக்கும் கப்பல்கள். குழந்தையின் அழுகையினும் பெரியவர்களின் ஆரவாரம் தூக்கத்தைக் கெடுக்கவல்லது என்பதைக் கல்யாண வீட்டுக்குப் பக்கத்தில் குடியிருந்த எவரும் அறிவர். 2023இல் சென்னையிலிருந்து அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை என்று ஓடிய கோர்டீலியா கம்பெனியின் ‘எம்ப்ரஸ்’ கிட்டத்தில் கிடைத்த கப்பல்தான். ஆனால் அது குடும்பம் குடும்பமாக ஏறிக் கொண்டாடுவதற்கு அமைந்தது. அதனிடம் மௌனத்தை எதிர்பார்ப்பது நியாயமன்று.

இனி, கம்பெனியின் பண்பை அறிய ஊவாக்காரராகிய நமக்கு ஒரு சொந்த அளவுகோல் இருக்கிறது. கொழும்பில் புகையிரதம் ஏறினால் பதுளைக்கு ஏறத்தாழப் பத்து மணி நேரம். காலையில் நங்கூரமிட்டு மாலையில் புறப்படும் கப்பலின் பிரயாணி, தெமோதரை வளைவையோ ஒன்பது வளைவுப் பாலத்தையோ காண்பது எங்ஙனம்? அவர் கண்ட இலங்கை, கொழும்பும் அதைச் சுற்றிய சில மைல்களும்தான். கொழும்பிலோ அம்பாந்தோட்டையிலோ இரண்டு நாள் தரித்து நிற்கும் கப்பலின் பிரயாணிதான் வெல்லவாய வழியாகவோ அப்புத்தளை வழியாகவோ ஏறி வந்து, கொழுந்து நிறுக்கும் இடத்தையும் தேயிலைத் தொழிற்சாலையின் வாட்டும் தட்டையும் கண்ணால் பார்த்துத் திரும்ப முடியும். நம் மலைக்கு நேரம் கொடுக்காத கம்பெனி, பிறர் நாட்டு மலைக்கும் நேரம் கொடுக்கப் போவதில்லை. ஆகவே, எத்தனை துறைமுகங்கள் என்று எண்ணுவதைவிட, எந்தத் துறைமுகத்தில் எத்தனை மணி நேரம் என்று பார்ப்பதே விவேகம்.

சிறிய கப்பலுக்குக் குறைகளும் உண்டு. “சின்னக் கப்பல் ஆடுமே ஐயா, எங்க வீட்டம்மாவுக்குத் தெமோதரையில கோச்சி திரும்பினாலே தலை சுத்தும்” என்று நண்பர் கவலைப்பட்டார். “ஆடத்தான் செய்யும் மாஸ்டர், கப்பலின் நடுப்பகுதியில், கீழ்த்தளத்து அறையாகக் கேளுங்கள், அங்கே ஆட்டம் குறைவு” என்றேன். ஊவாவில் வறண்ட காற்று வீசித் தேயிலை மணம் ஏறுகிற ஆடி, ஆவணி மாதங்களில் அரபிக் கடல் கொந்தளிக்கும். கார்த்திகை, மார்கழியில் வங்கக் கடலில் புயல் எழும். தை முதல் பங்குனி வரை நம்மைச் சூழ்ந்த கடல்கள் சாந்தமானவை. இன்னொன்று, வர்ணப் புத்தகம் முன்பக்கத்தில் சொல்லாதது: இலங்கைக் கடவுச்சீட்டுக்காரர் இறங்கும் பல நாடுகளுக்கு முன்கூட்டியே வீசா வேண்டும்; ஒன்று கிடைக்காவிட்டால் ஏறவே விடமாட்டார்கள். பணம் கட்டுவதற்கு முன், துறைமுகப் பட்டியலை எதிரில் வைத்து, நாடு நாடாக இதை விசாரித்துவிட வேண்டும். சைவச் சாப்பாடு, வைத்தியர், காப்புறுதி ஆகிய மூன்றையும் வாய்ச்சொல்லாக அல்லாமல் எழுத்தில் வாங்கிக்கொள்வது நலம்.

என் தீர்ப்பு இதுதான்: ஆயிரம் பேருக்குக் குறைவாக ஏற்றுவதும், தலைக்கு ஐம்பது டன்னுக்குக் குறையாத இடமுள்ளதும், சிறுவர்களை ஏற்றாததும், ஒரு துறைமுகத்திலேனும் இரவு தங்குவதுமான கப்பலைத் தேர்ந்தெடுக்கலாம், இந்த நான்கில் ஒன்றைத்தான் விட்டுக்கொடுக்க நேருமாயின், சிறுவர் விஷயத்தை விட்டுக்கொடுங்கள், தலைக்கணக்கை விட்டுக்கொடுக்க வேண்டாம். மாஸ்டருக்கு அனுப்பிய கடிதத்திலும் இதையே எழுதியிருக்கிறேன். பிள்ளைகள் அனுப்பிய புத்தகங்களைப் பெட்டியில் பூட்டி வைத்து, ‘நமக்கெதற்கு இதெல்லாம்’ என்று இருக்கும் மலையகத்துப் பெரியவர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: போவதும் போகாததும் உங்கள் இஷ்டம், ஆனால் போவதென்றால், எந்தக் கப்பல் என்பதைப் பிள்ளைகளிடமும் ஏஜெண்டிடமும் விட்டுவிடாமல், நீங்களே கேள்வி கேட்டு நீங்களே தேர்ந்தெடுங்கள்.

(தொடரும்)