சாயக் கழிவுநீரும் கழனி நிலமும்

காஞ்சிபுரம் பட்டுக்கும் கோயில்களுக்கும் பெயர் பெற்றது. அதனைச் சூழ்ந்த கிராமங்களோ ஏரிப் பாசனத்தையும் கிணற்றுப் பாசனத்தையும் நம்பி நெல் விளைவிப்பன. சாயப்பட்டறைக் கழிவு வாய்க்காலில் இறங்கினால் நிலத்துக்கு நேருவது யாது என்பதை நிலமுடையோரும் கிராம அதிகாரிகளும் அறிந்திருத்தல் அவசியம்.

கச்சாப் பட்டின் எடையில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு பசையாகும். அதனை நீக்கச் சோப்பும் சோடா உப்பும் கரைத்த வெந்நீரில் நூலைக் காய்ச்சுவர். பின்பு அமிலம் சேர்த்த சாயத்தில் தோய்த்துப் பன்முறை அலசுவர். பசைநீர் விரைவில் அழுகி, ஏரி நீரிலுள்ள பிராணவாயுவைக் குறைத்து மீன்களை மடியச் செய்யும். சாயநீரின் நிறம் கண்ணுக்குத் தெரியும். சோடா உப்போ தெரிவதில்லை.

நிறம் மறைந்தால் நீர் சுத்தமாயிற்று எனக் கருதுவது பெரும் பிழை. இதனைக் கிராமக் கூட்டங்களில் நான் செய்து காட்டுவதுண்டு. இரண்டு கண்ணாடிப் புட்டிகளில் வயலின் களிமண்ணைச் சிறிது இட்டு, ஒன்றில் நல்ல கிணற்று நீரையும், மற்றொன்றில் சிறிது சோடா உப்பு கரைத்த நீரையும் ஊற்றிக் குலுக்கி வையுங்கள். மறுநாள் முதற்புட்டியில் நீர் தெளிந்து நிற்கும். இரண்டாவது கலங்கியே இருக்கும். சோடியம் மண்ணின் கட்டைக் குலைத்துவிட்டது என்பதே இதன் பொருள். அத்தகைய வயலில் நீர் உள்ளிறங்காது, காய்ந்தால் இறுகிப்போம். இதுவே களர். ஜிப்சம் இட்டு, நன்னீர் கட்டி வடித்து, தக்கைப்பூண்டு மடக்கி உழுதால் களர் திருந்தும். ஆனால் கிணறே கெட்டபின் நன்னீருக்கு எங்கே போவது?

நொய்யல் நதிக்கரை விவசாயிகள் இத்துன்பத்தை அனுபவித்தவர்கள். திருப்பூரின் பருத்திச் சாயப்பட்டறைகள் மிகுதியான உப்பை உபயோகிப்பன. அக்கழிவு, 1992-ஆம் ஆண்டு கட்டி முடிக்கப்பட்ட ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கிற்று. பாசனத்துக்கென எழுந்த அணையின் நீரைத் திறக்கலாகாதென விவசாயிகளே முறையிட நேர்ந்தது. சென்னை உயர்நீதிமன்றம் 2006-இல் கழிவு சிறிதும் வெளியேறலாகாது என ஆணையிட்டு, 2011 ஜனவரியில் பட்டறைகளை மூடும்படி உத்தரவிட்டது. உழவருக்கும் நஷ்டம், தொழிலாளருக்கும் வேலையில்லை. பட்டுச் சாயத்துக்கு அவ்வளவு உப்பு வேண்டுவதில்லை. ஆயினும் வருமுன் காப்பதே விவேகம்.

பட்டறையார் செய்யத்தக்கவை: பசைநீர், சாயநீர், அலசிய நீர் மூன்றையும் தனித்தனியே பிடித்தல் வேண்டும். கடைசி அலசல் நீரை அடுத்த நூலின் முதல் அலசலுக்கு உபயோகிக்கலாம். ஏனையவற்றைச் சிமெண்டுத் தொட்டியில் சேர்த்துப் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்துக்கு அனுப்புக. படிகாரமும் சுண்ணாம்பும் அழுக்கைப் படியச் செய்யுமேயன்றிக் கரைந்த உப்பை நீக்கா. தொட்டியின் வண்டல் எருவன்று. வாரியம் அனுமதித்த இடத்துக்கே செல்லவேண்டும். வெளியேறும் நீரில் கரைந்த உப்பு லிட்டருக்கு 2,100 மில்லிகிராமுக்கு மேற்படலாகாது.

நிலமுடையோர் செய்யத்தக்கவை: கோடையில் இலவசமாய்க் கிடைக்கிறதென்று கழிவுநீரை வயலுக்குப் பாய்ச்சாதீர். பட்டறைக்கு இடம் வாடகைக்கு விடுமுன் மாசு கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவாணையைப் பார்வையிடுக. மழைக்கு முன்னும் பின்னும் கிணற்று நீரைப் பரிசோதியுங்கள். பம்பைப் பத்து நிமிஷம் ஓடவிட்டு, அந்நீராலேயே கழுவிய புட்டியில் ஒரு லிட்டர் பிடித்து, சர்வே எண்ணும் தேதியும் எழுதி, மண் பரிசோதனை நிலையத்துக்கு அனுப்பி, முடிவுச் சீட்டுகளை ஆண்டுதோறும் சேர்த்து வைப்பீராக.

கிராம அதிகாரிகள் பருவமழைக்கு முன் ஏரி வரத்துக்கால்களை நடந்து பார்த்து, கழிவுக் குழாய் காணின் இடமும் தேதியும் குறித்து, மாவட்ட ஆட்சியருக்கும் வாரியத்தின் மாவட்ட அலுவலகத்துக்கும் எழுத்து மூலம் தெரிவித்தல் கடமையாகும். குழாயை அடைக்க ஒருநாள் போதும். களரைத் திருத்தப் பல ஆண்டுகள் வேண்டும்.