பரட்டைத் தலையும் பரமபிதாவும்

சனிக்கிழமை ராத்திரி சத்தியமங்கலம் பஸ் ஸ்டாண்டில் வந்து இறங்கினான் அக்கா மகன். கோயமுத்தூரில் இன்ஜினீயரிங் படிக்கிற பையன். கொதிக்கிற சித்திரையில் காதுவரை இழுத்துவிட்ட குல்லாய்! அப்போதே நான் உஷாராகியிருக்க வேண்டும்.

ஞாயிறு காலை, ஆலயத்துக்குக் கிளம்புகிற நேரத்தில் குல்லாய் கழன்றது. வீட்டில் ஏக களேபரம். இரண்டு பக்கமும் மழமழவென்று சிரைத்து, நடுமண்டையில் மட்டும் ஒரு வரப்பு மாதிரி முடி. அது செங்குத்தாக விறைத்துக்கொண்டு நிற்கிறது. கறுப்புச் சட்டையில் ஏழெட்டு ஊக்கு.

"ஏஞ் சாமி, சட்டை கிழிஞ்சிருந்தா எங்கிட்டக் குடுத்திருக்கலாமல்ல? தெச்சுக் குடுத்திருப்பேனே!" என்று பதறினாள் எங்கம்மா.

"கிழியலீங் அம்மாயி. இது பங்க்!"

"பெட்ரோல் பங்க்லயா வேலைக்குச் சேந்துட்டே? அப்ப படிப்பு என்ன கண்ணு ஆச்சு?"

சிரித்து முடிப்பதற்குள் முதல் மணி அடித்துவிட்டது. ஓடினோம். அங்கே சிரிப்பு வரவில்லை. பையன்தான் பாடகர் குழுவுக்கு கிடார். கமிட்டிச் செயலாளர் வாசற்படியிலேயே மறித்தார். "தம்பி, இது கர்த்தருடைய ஆலயம். ஒண்ணு அந்தக் கொண்டை, இல்லாட்டி கிடார். ரெண்டுல ஒண்ணு முடிவு பண்ணிக்கோ!" பையன் ஒரு வார்த்தை பேசவில்லை. கிடாரை உறையில் போட்டான், திரும்பி நடந்தான். ராத்திரி சாப்பாட்டில், "இனிமே நான் ஆலயத்துக்கு வரலீங் மாமா" என்றான்.

எங்கள் குடும்பத்தில் அது சாதாரண வாக்கியமில்லை. அம்மாவுக்குச் சோறு இறங்கவில்லை.

அதென்னதான் பங்க் என்று அவனையே உட்கார வைத்துக் கேட்டேன். 1976, 77-ல் லண்டனில் கிளம்பிய கூத்து அது. வேலையில்லாத பையன்கள் ஏராளம். ஸ்டேடியத்தில் பெரிய பெரிய குழுக்கள் கால் மணி நேரத்துக்கு ஒரு பாட்டு என்று இழுத்துக்கொண்டிருந்த காலம். மூன்று கார்டு தெரிந்தால் போதும், நீயே குழு ஆரம்பி, நீயே ரெக்கார்டு போடு, நீயே நோட்டீஸ் அடி என்றது பங்க். செக்ஸ் பிஸ்டல்ஸ் என்ற குழு 1977-ல் மகாராணியைக் கிண்டலடித்துப் பாட, பி.பி.சி. அதை ஒலிபரப்ப மறுத்தது. க்ராஸ் என்று இன்னொரு குழு. 1978-ல் அவர்கள் போட்ட ரெக்கார்டுக்கு ஐயாயிரம் பேருக்கு உணவளித்தல் என்று பெயர். பைபிள் சமாசாரம்தான், ஆனால் முதல் பாட்டே இயேசுவைத் திட்டுகிறது! அயர்லாந்தில் ரெக்கார்டு அச்சடிக்கிற தொழிற்சாலை ஆட்கள் 'இதை நாங்கள் தொடமாட்டோம்' என்றுவிட்டார்கள். குழுவினர் என்ன செய்தார்கள் தெரியுமோ? அந்தப் பாட்டு இருந்த இடத்தில் இரண்டு நிமிஷம் வெறும் மௌனத்தை வைத்து, 'பேச்சுரிமையின் சத்தம்' என்று அதற்குத் தலைப்பும் கொடுத்துவிட்டார்கள். குறும்புக்குக் குறைச்சலில்லை.

"அப்புறம் சாமி கும்பிடறவனுக்கு அங்க என்னடா வேலை?" என்றேன்.

"ஏனுங் மாமா, அதுலயே கிறிஸ்தவப் பங்க் இருக்குதுங்களே!"

இருக்கத்தான் இருக்கிறது. அமெரிக்காவில் கலிபோர்னியாப் பக்கம் 1980-களிலேயே ஆல்டர் பாய்ஸ் என்று ஒரு குழு. பீடச் சிறுவர்கள் என்று அர்த்தம். 1992-ல் வாஷிங்டன் மாநிலத்தில் பள்ளிக்கூடத்துப் பையன்கள் மூன்று பேர் ஆரம்பித்த எம்.எக்ஸ்.பி.எக்ஸ். பிற்பாடு பெரிய பெயர் வாங்கியது. இந்த மாதிரி ஆட்களுக்கு இரண்டு பக்கமும் அடி. சபைக்காரர்கள் 'பிசாசு இசை' என்பார்கள். பங்க் ஆட்கள் 'எசமானே வேண்டாம் என்கிற இடத்தில் கர்த்தர் எதற்கு?' என்பார்கள்.

அந்தக் கேள்வியை நானும் கேட்டேன். "மனுசன் எசமான் ஆகறதுதான் மாமா வேண்டாங்கறது" என்றான். பதில் சுமாராக இருந்தது. ஆனால் எல்லாவற்றுக்கும் தலையாட்ட நான் தயாரில்லை. செக்ஸ் பிஸ்டல்ஸில் வாசித்த சிட் விஷியஸ் என்கிற பையன் ஹெராயினில் செத்தபோது வயது 21. எதிர்காலமே இல்லை என்று கூவுவது அங்கே ஒரு ஃபேஷன். ஈஸ்டர் கொண்டாடுகிறவன் அதைக் கூவ முடியாது. சொன்னேன். "அதை நானும் கூவலீங்" என்றான்.

சரி, முடிக்கு வருவோம். செயலாளர் ஐயா கொரிந்தியருக்கு பவுல் எழுதியதை எடுத்து வைத்தார். புருஷன் முடி வளர்த்தால் கனவீனமாம். இவன் பாதிக்கு மேல் சிரைத்துவிட்டானே, கணக்கு எப்படி? முடியிலே கத்தி படாத சிம்சோன் கதை வேறு இருக்கிறது. ஒட்டக மயிர் உடுத்தி வெட்டுக்கிளி தின்ற யோவான் ஸ்நானகனை எந்தக் கமிட்டி கொயரில் சேர்க்கும்?

வேடிக்கை என்னவென்றால், தலைமுடிப் பஞ்சாயத்து தமிழ்நாட்டுத் திருச்சபைக்குப் புதிதே இல்லை. 1606-ல் மதுரைக்கு வந்த இத்தாலியச் சேசு சபைக் குரு ராபர்ட் டி நொபிலி காவி கட்டினார், காய்கறி மட்டும் சாப்பிட்டார். அவரிடம் ஞானஸ்நானம் வாங்கிய பிராமணர்கள் குடுமி, பூணூல், சந்தனம் எல்லாவற்றையும் அப்படியே வைத்திருந்தார்கள். கூட இருந்த சாமியாரே புகார் எழுதினார். 1619-ல் கோவாவில் கூட்டம் போட்டு விவாதம். கடைசியில் 1623-ல் போப் பதினைந்தாம் கிரகோரி, மூடநம்பிக்கை கலக்காமல் வைத்துக்கொள்ளலாம் என்று அனுமதி கொடுத்தார். ரோமாபுரி வரைக்கும் போய் ஜெயித்த குடுமி அது! அந்த மதுரை மிஷன் 17-ஆம் நூற்றாண்டிலேயே எங்கள் சத்தியமங்கலம் வரை வந்திருக்கிறது.

ஆனால் ஒன்று. அந்தச் சந்நியாசிச் சாமியார்கள் தாழ்த்தப்பட்டவர்களோடு வெளிப்படையாகப் பழக முடியாது. அதற்கென்று 1640-ல் பண்டாரசாமி என்று தனி உடுப்பில் தனிச் சாமியார் தேவைப்பட்டார். முதல் ஆள் பல்தசார் தா கோஸ்தா. மேல்சாதிக் குடுமிக்குக் கதவு திறந்துகொண்டது. சேரிக்காரன் கையிலிருந்த பறைக்கு? அது பேய்க்கொட்டு, சாவுக்கொட்டு. தஞ்சாவூர் வேதநாயக சாஸ்திரியாரின் கீர்த்தனைகளும் கர்நாடக ராகமும் உள்ளே வந்தன, நல்லதுதான். தப்பட்டை மட்டும் வெகுகாலம் வாசலுக்கு வெளியே நின்றது.

அதை உள்ளே கூட்டி வந்தவர்களில் ஒருவரின் பெயரைக் கேட்டதும் பையன் துள்ளிவிட்டான். பரட்டை! மதுரை அரசரடியில் தமிழ்நாடு இறையியல் கல்லூரி ஆசிரியராக இருந்த ஜே. தியோபிலஸ் அப்பாவு வைத்துக்கொண்ட பெயர் அது. 1940-ல் பிறந்து 2005-ல் காலமானார். கர்நாடக சங்கீதமும் மேற்கத்திய இசையும் தெரிந்த மனிதர், நாட்டுப்புற மெட்டிலும் பேச்சுத் தமிழிலும் ஆராதனை முறை எழுதினார். நற்கருணையைப் பற்றிப் பேசும்போது 'ஒரே உலை' என்பார். எல்லோருக்கும் ஒரே உலையில் சோறு, சாதி அங்கே வேகாது! கிராமத்து ஜனங்கள் தன் பாட்டை மாற்றிப் பாடினால் கோபப்படமாட்டார். மாற்றட்டும் என்பதுதான் அவர் கட்சி. அமெரிக்க இசை ஆராய்ச்சியாளர் ஜோயி ஷெரினியன் அவரைப் பற்றி 2014-ல் ஒரு முழுப் புத்தகமே கொண்டுவந்தார். திண்டுக்கல் பக்கம் சகோதரி சந்திரா என்கிற கன்னியாஸ்திரி, தலித் பெண்பிள்ளைகள் கையிலே பறையைக் கொடுத்து, சக்தி கலைக்குழு என்று ஊர் ஊராய் ஆடவிட்டார்.

"அப்ப நம்ம பங்க் அவருதானுங் மாமா!" என்றான் பையன்.

அதுவரை வெற்றிலை இடித்துக்கொண்டிருந்த அம்மா உலக்கையைக் கீழே வைத்தாள்.

"உங்க அப்புச்சி கொட்டடிச்சவருதான் கண்ணு."

எனக்கே அரைகுறையாகத்தான் தெரியும். வேம்பில் வளைத்த மூன்று கட்டைகளை இரும்புப் பட்டை போட்டு இணைத்து, தோல் இழுத்துக் கட்டிய பறை அப்பாவுடையது. எழவு வீடென்றால் ஆள் வரும், போகாமலிருக்க முடியாது. காய்ச்சலென்றாலும் போகணும். கூலி, வாசலுக்கு வெளியே வைத்துவிட்டுப் போகிற பழைய சோறு. ஞானஸ்நானம் வாங்கின அன்று உபதேசியார் 'அதைத் தொடாதே' என்றாராம். நான் அது அப்பாவுக்கு நடந்த அநியாயம் என்றே இத்தனை வருஷமும் நினைத்திருந்தேன்.

"அவுரு ஒண்ணும் அழுவல. நிம்மதின்னாரு. 'இனி எவன் எழவுக்கும் என்னையக் கூப்புட முடியாது'ன்னாரு. கூப்புட வந்தவங்ககிட்ட 'வர முடியாது'ன்னு நிமுந்து சொன்னாரு. ஒரு மாசம் நமக்குக் கடையில சாமான் குடுக்கல, பொதுக்கெணத்துல தண்ணி எடுக்க உடல."

கொட்டை அடிப்பதல்ல, கீழே வைத்ததுதான் அவருக்குக் கலகம். பையன் தன் கொண்டையைத் தடவிக்கொண்டு பேசாமலிருந்தான். அந்த ஹேர்கட்டுக்கு அறுநூறு ரூபாய் கொடுத்தானாம்.

"பறை எங்கீங் அம்மாயி?"

"தோலை எலி தின்னுருச்சு. கட்டைய ரொம்ப நாளு பானைக்குப் பிரிமணையா வெச்சிருந்தேன்." கொஞ்ச நேரம் கழித்துச் சேர்த்துக்கொண்டாள்: "ஆனா ஆலயத்துல பாட்டுப் போட்டா, அவுரு விரலு மட்டும் பெஞ்சுல தட்டிக்கிட்டேதான் இருக்கும்."

அடுத்த ஞாயிறு பையன் கூட வந்தான், யாரும் கூப்பிடாமலே. ஜெல் இல்லாததால் கொண்டை ஒரு பக்கமாகச் சாய்ந்து பரட்டையாகக் கிடந்தது. ஊக்கு அத்தனையும் அப்படியே. கிடார் எடுத்து வரவில்லை. கடைசி பெஞ்சில் என் பக்கத்தில் உட்கார்ந்தான். கமிட்டி அடுத்த மாதம்தான் கூடுகிறது.

இரண்டாம் பாட்டு தொடங்கியபோது பெஞ்சிலிருந்து ஒரு சத்தம். இரண்டு விரலால் மெதுவாகத் தட்டிக்கொண்டிருந்தான். முன்வரிசையிலிருந்து செயலாளர் திரும்பிப் பார்த்தார். எங்கம்மா அவரை ஒரு முறை முறைத்தாள் பாருங்கள்... மனிதர் பாட்டுப் புத்தகத்துக்குள்ளே குனிந்துவிட்டார்!