தாகம் எடுத்தும் குடிக்காதவர்கள்

தூத்துக்குடி உப்பளங்களில் வேலை பார்க்கும் பெண்கள் பலர், கொண்டுவந்த தண்ணீரை வேலை முடியும்வரை பெரும்பாலும் தொடுவதில்லை. தாகம் இல்லாமலா? கண்ணுக்கெட்டிய தூரம் பாத்தியும் வரப்பும்தான். ஒதுங்க ஒரு மறைவு கிடையாது. சிறுநீரை அடக்குவதைவிடத் தண்ணீரைக் குறைப்பது அவர்களுக்குச் சுலபமாகப் படுகிறது. நீர்க்கடுப்பும் சிறுநீர்த் தொற்றும் அதன் பின்னாலேயே வருகின்றன. "கோடையில் நிறையத் தண்ணீர் குடியுங்கள்" என்று இவர்களிடம் சொல்லும் முன், வேலையிடத்தில் கழிப்பறை இருக்கிறதா என்று முதலாளியிடம் கேட்க வேண்டும்.

வியர்வை உலர வேண்டும்

உடலின் உள்வெப்பம் 37 டிகிரி செல்சியஸை ஒட்டியே நிற்க வேண்டும். வியர்த்தால் மட்டும் சூடு இறங்காது. அந்த வியர்வை தோலிலிருந்து உலர வேண்டும். கடலோரக் காற்றில் ஈரம் அதிகம் என்பதால் வியர்வை உலராமல் வழிந்தோடுகிறது. உடம்பிலிருந்து நீரும் உப்பும் போகின்றன, சூடு மட்டும் உள்ளேயே தங்குகிறது. உப்பளத்தில் இன்னொரு தொல்லையும் உண்டு. வெள்ளை உப்பிலும் பாத்தித் தண்ணீரிலும் பட்ட வெயில் கீழிருந்து முகத்திலும் கண்ணிலும் அடிக்கிறது. போதாததற்கு, சுமை தூக்கும் தசைகளே சூட்டை உண்டாக்குகின்றன.

நாள் தவறாமல் உடல் இப்படி வற்றினால் சிறுநீரகம் பழுதாகிறது. மத்திய அமெரிக்காவில் கரும்பு வெட்டும் இளைஞர்கள், சர்க்கரை நோயோ ரத்தக் கொதிப்போ இல்லாமலே சிறுநீரகம் செயலிழந்து இறந்தார்கள். நிகரகுவாவில் தண்ணீர், நிழல், ஓய்வு, கழிப்பறை நான்கையும் முறையாகக் கொடுத்த பிறகு சிறுநீரகப் பாதிப்பு குறைந்தது. கர்ப்பிணிகளுக்கு ஆபத்து இன்னும் அதிகம். சென்னை ஸ்ரீராமச்சந்திரா கல்வி நிறுவனம் தமிழ்நாட்டில் 800 கர்ப்பிணிகளிடம் நடத்திய ஆய்வில், கடும் வெப்பத்தில் வேலை செய்தவர்களுக்குக் கருச்சிதைவு அபாயம் ஏறத்தாழ இரு மடங்காக இருந்தது. மாதமாக இருக்கும் சித்தாளை உச்சி வெயிலில் கல் சுமக்க வைப்பதற்கு எந்த நியாயமும் இல்லை.

புது ஆளுக்கே முதல் ஆபத்து

வெயிலுக்கு உடல் பழக ஒன்று முதல் இரண்டு வாரம் ஆகும். அமெரிக்காவில் வேலையிடத்து வெப்பச் சாவுகளில் பாதிக்கு மேல் முதல் வாரத்திலேயே நடக்கின்றன. ஊரிலிருந்து நேற்று ரயிலேறி வந்த வடமாநிலத் தொழிலாளியும், காய்ச்சலில் படுத்து எழுந்து வந்த கொத்தனாரும் இதில் ஒன்றுதான். புது ஆளுக்கு முதல் நாள் ஐந்தில் ஒரு பங்கு வேலை கொடுத்து, பிறகு நாளுக்குக் கொஞ்சமாகக் கூட்டுங்கள். தாகம் எடுக்கும்வரை காத்திராமல் இருபது நிமிடத்துக்கு ஒரு டம்ளர் தண்ணீர் குடிக்க வேண்டும். உப்புப் போட்ட மோர், நீராகாரம், ஒரு லிட்டர் தண்ணீரில் கரைத்த ஓ.ஆர்.எஸ். எல்லாம் நல்லவை. உப்பு மாத்திரை வேண்டாம். இதய நோய், சிறுநீரக நோய் உள்ளவர்கள் எவ்வளவு குடிக்கலாம் என்பதை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளட்டும்.

உளறினால் உஷாராகுங்கள்

தலைவலி, குமட்டல், தசைப்பிடிப்பு, கிறுகிறுப்பு வந்தால் உடனே நிழல், தண்ணீர், ஓய்வு. பேச்சு குழறினால், தள்ளாடினால், கேட்டதற்குச் சம்பந்தமில்லாமல் பதில் சொன்னால் அது வெப்பவாதமாக இருக்கலாம். உள்வெப்பம் 40 டிகிரியைத் தாண்டியிருக்கும். "சரக்கு போட்டுட்டு வந்துட்டான்" என்று ஓரமாகப் படுக்க வைத்தே சிலரைப் பறிகொடுக்கிறோம். வியர்வை நின்றிருக்க வேண்டும் என்பதும் இல்லை. உழைப்பாளிக்கு வெப்பவாதத்திலும் வியர்த்துக் கொட்டலாம்.

108-ஐ அழையுங்கள். வண்டி வரும்வரை சும்மா நிற்காதீர்கள். சட்டையைத் தளர்த்தி, உடல் முழுக்கத் தண்ணீரை ஊற்றி, அட்டையாலோ துண்டாலோ விடாமல் விசிறுங்கள். ஐஸ் கிடைத்தால் துணியில் சுற்றிக் கழுத்திலும் அக்குளிலும் தொடையிடுக்கிலும் வையுங்கள். முதல் அரைமணி நேரத்துக்குள் சூட்டை இறக்கினால் பிழைக்கும் வாய்ப்பு கூடுகிறது. நினைவில்லாதவர் வாயில் தண்ணீர் ஊற்றக் கூடாது. பாராசிட்டமால் இதற்கு உதவாது.

மலையில் குளிர்

வெயில் மட்டுமல்ல, குளிரும் உழைப்பாளியை வாட்டும். நீலகிரியில் டிசம்பர், ஜனவரி உறைபனியில் கேரட் பிடுங்கப் போகிறவர்கள் விடியும் முன்பே தோட்டத்தில் நிற்கிறார்கள். அங்கே ஈரத் துணிதான் முதல் எதிரி. நனைந்த துணி உடல் சூட்டை வெகுவேகமாக உறிஞ்சிவிடும். ஒரே தடித்த உடைக்குப் பதில் இரண்டு மூன்று மெல்லிய உடைகள், ரப்பர் கையுறை, மாற்றுக் காலுறை வேண்டும். நடுக்கம் நின்று தூக்கம் சொக்கினால் உடல் தேறிவிட்டது என்று நினைத்துவிடக் கூடாது. உள்வெப்பம் 35 டிகிரிக்கும் கீழே இறங்கிக்கொண்டிருக்கிறது. மது குளிரைத் தாங்க வைக்கும் என்பது தவறு. தோலுக்கு ரத்தத்தை இழுத்து, இருக்கிற சூட்டையும் அது வெளியேற்றிவிடும்.

கூலி குறையாத ஓய்வு

தூக்கிய கூடைக்கு, அடுக்கிய கல்லுக்கு என்று கூலி கணக்கிடும் இடத்தில் யாரும் நிழலில் உட்காரமாட்டார்கள். ஓய்வு நேரத்துக்கும் கூலி உண்டு என்றால்தான் ஓய்வு நடக்கும். நம்மவர்கள் ஏராளமாகக் கட்டட வேலை செய்யும் அமீரகத்தில் ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை பகல் 12.30 முதல் 3 மணி வரை வெயிலில் வேலை வாங்கத் தடை இருக்கிறது, மீறினால் அபராதம். தமிழ்நாடு அரசு 2024 அக்டோபரில் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்து, இறந்தவர் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் நிவாரணம் என்றது. நல்ல தொடக்கம். ஆனால் அது உயிர் போன பிறகு வரும் பணம். நண்பகல் வேலைக்குத் தடை, கூலியோடு ஓய்வு, நடமாடும் கழிப்பறை, ஒரு தார்ப்பாய்க் கொட்டகை ஆகியவற்றை உப்பளத்துக்கும் கட்டடத் தளத்துக்கும் அபராதத்தோடு கூடிய கட்டாயமாக்க வேண்டும். அடுத்த கோடைக்கு முன்பே.